பதிப்பு 0.0.31

முதலில் தரை மட்டும்தான் இருந்தது.
சாம்பல் நிறம், கட்டம் கட்டமாக.
அதன்மேல் நாங்கள் மூவரும்
முகமில்லாமல்
இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தபடி இறங்கினோம்.
நடக்கத் தெரியாது. வழுக்கத் தெரியும்.

ஸ்லிம் ரிவரில், டயர் கடைக்கு மேல்மாடியில்,
சைபர் கஃபே ஒன்று மூடியபோது
நானூறு வெள்ளிக்கு வாங்கிய கணினிதான் சர்வர்.
கீழே காற்றடிக்கும் இயந்திரம் முழங்கும்போதெல்லாம்
மேலே உலகம் ஒரு கணம் நடுங்கும்.
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிறான் ஹஃபிஸ்.
நான் எழுதி வைத்திருக்கிறேன்: பதினோரு முறை.

ஒன்பதாம் பதிப்பில் செம்பனை நட்டோம்.
ஒரே மரம், நாலாயிரம் நகல்.
மோதல் விதி எழுத மறந்துபோனதால்
மரத்துக்குள் புகுந்து மறுபக்கம் வந்தோம்,
வெட்கமே இல்லாமல்.
பன்னிரண்டில் மழை பெய்தது. கூரைக்குக் கீழேயும் பெய்தது.
நிஜத்திலும் அப்படித்தானே என்று
அந்தப் பிழையை மூடிவிட்டோம்.
பதினாறில் பழக்குலை லாரி ஓடியது.
திரும்பத் தெரியாமல்
வரைபடத்தின் விளிம்பைத் தாண்டி விழுந்தது.
இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது,
எழுபது இலட்சம் அடிக்குக் கீழே, முன்விளக்கு எரிய.

பதினேழில் யுவனேஷ் போனான்.
சண்டையில்லை. ஜொகூரில் சம்பளம் வரும் வேலை.
வாரக் கடைசியில் உள்ளே வருகிறேன் என்றான்.
வந்ததும் அன்றிரவு ஒருமுறைதான்,
பேருந்திலிருந்து, கைப்பேசி இணைப்பில்.
தஞ்சோங் மாலிம் தாண்டியதும் சிக்னல் அறுந்தது.

சர்வர் நொடிக்கு இருபது தடவை பெரட்டு எடுக்கும்.
பேர் கூப்பிடும், பதில் வரும், குறித்துக்கொள்ளும்.
பதில் வராத பேரை என்ன செய்வதென்று
நாங்கள் அதற்குச் சொல்லவே இல்லை.
அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.
அவன் பஸ் நிலையத்துக்கு எதிரே,
ஆயத்தொலை 14, 9-இல்,
கைவிரித்து நின்றுகொண்டே இருந்தான்.

மில்லில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுச்
சோதித்துப் பார்க்க வரும் சர்குணனும் கூட்டாளிகளும்
அவனிடம்தான் முதலில் போவார்கள்.
"இந்த அண்ணன்கிட்ட என்ன கேக்கணும்? வேல குடுப்பாரா?"
ஒருவன் அவன் தலையில் மஞ்சள் தலைக்கவசத்தை மாட்டினான்.
கழற்றும் வசதி அப்போது வரவில்லை.

பிழை எண் 212, எழுதியவன் ஹஃபிஸ்:
'யுவனேஷ் வழியை மறைக்கிறான்.
என் மோட்டார் அவன்மேல் மோதி நிற்கிறது.
அவசரம்: நடுத்தரம்.'
மூன்று வாரம் நான் அதைத் தொடவில்லை.
வேறு வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன்;
கதவுகளுக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் எழுதியது மூன்றே வரி.
இத்தனை நொடி பதில் இல்லையேல் ஆளை நீக்கு.
முப்பது என்று போட்டேன். அழித்தேன்.
முந்நூறு என்று போட்டேன்.
ஹஃபிஸ் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான்.
ஒன்றும் பேசாமல் கையை நீட்டி
ஒரு பூஜ்யத்தை எடுத்தான்.

இரவு பத்தே முக்காலுக்கு முப்பத்தொன்று ஏறியது.
கீழே அப்பெக் ஷட்டரை இழுத்தார்.
14, 9-க்குப் போய்ப் பார்த்தேன்.
ஆளில்லை.
தலைக்கவசம் அந்தரத்தில் நின்றது.
அதற்கு நேர் கீழே, தரையில்,
கைவிரித்த நிழல்.
நிழல் வேறு கோப்பு.
அதை நீக்கும்படி யாரும் எழுதவில்லை.

குறிப்பேட்டில் பதிந்தேன்:
'யுவனேஷ் சரிசெய்யப்பட்டான்.
நிழல் விளையாட்டைப் பாதிக்காது.'

சர்குணன் உள்ளே வந்தான்.
நிழலின்மேல் ஏறி நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினான்.
"அண்ணன் எங்க? ஷிஃப்ட் முடிஞ்சிருச்சா?"
முடிஞ்சிருச்சு என்று தட்டினேன்.
அவன் தலைக்கவசத்தை எடுத்துத்
தானே போட்டுக்கொண்டு மில் பக்கம் நடந்தான்.
அது அவன் நெற்றிக்குள் பாதி புதைந்திருந்தது.
213 என்று குறித்துக்கொண்டேன்.